635802: ஒரு பின்கோடும் ஒரு கிளெய்மும்

இன்னைக்கு இன்சூரன்ஸ், ஏஐ ரெண்டையும் பத்திப் பேசப்போறோம். இந்த விஷயத்தில் நான் நடுநிலையா பேச முடியாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க சித்தி ஆம்பூரில் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறாங்க. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. கம்பெனிக்குள்ள வேலை பார்க்கிறவங்களுக்கு, மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும்னா, ஈஎஸ்ஐ உண்டு. வீட்டில் தைக்கிறவங்க பேர் பெரும்பாலும் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. அதனால நான்தான் ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துக் கொடுத்தேன். ரெண்டாவது வருஷம் மூச்சுத் திணறல், நாலு நாள் ஆஸ்பத்திரி. பில்லைக் கட்டிட்டு கிளெய்ம் போட்டோம். "விதிமுறைப்படி ஏற்க இயலாது"ன்னு ஒரே வரியில் பதில். எந்த விதி? சொல்லலை. மனுஷன் பார்த்தாரா, மெஷின் பார்த்துச்சா? அதுவும் தெரியலை.

கோபம் வந்துச்சு. கூடவே ஒரு உறுத்தல். என் முதல் வேலையில், கிளெய்ம்களுக்கு ரிஸ்க் ஸ்கோர் போடுற மாடல் செஞ்ச டீமில் நானும் இருந்தேன். பின்கோடை இன்புட்டா சேர்த்தது நான்தான். அக்யூரசி ஏறுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா 635802னா ஆம்பூர், ஆம்பூர்னா தோல். ஃபார்மில் தொழிலைக் கேட்கவே இல்லைன்னாலும் அந்த ஆறு எண் காட்டிக் கொடுத்துடும். தூசியும் கெமிக்கலுமா இருக்கிற ஊரிலிருந்து நெஞ்சு சம்பந்தமான கிளெய்ம் கூடுதலா வந்தா, "இந்த ஊர் சந்தேகம்"னு மெஷின் கத்துக்கும். அது நோயாளியைப் பார்த்ததே இல்லை.

சட்டம் சும்மா இல்லை. 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ போட்ட சுற்றறிக்கைப்படி, மூணு பேர் கொண்ட கிளெய்ம் மறுஆய்வுக் குழுவோ, அதுக்கு மேலே இருக்கிற கமிட்டியோ ஒப்புக்காம எந்த ஹெல்த் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரிச்சா, பாலிசியின் எந்த நிபந்தனைப்படின்னு எழுதணும். நல்ல விதிதான். ஆனா நான் செஞ்ச மாதிரி ஸ்கிரீன்களில் பில்லுக்கு முன்னாடியே சிவப்பா ஒரு "87" நிக்கும். மேஜையில் நூறு ஃபைல் இருக்கிறவர் அந்த எண்ணைத் தாண்டி யோசிப்பாரா? அந்த ஸ்கோரை பாலிசிதாரருக்குக் காட்டணும்னு சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இந்தச் சிகிச்சை தேவையில்லைன்னு சொல்லி மறுக்கிற முடிவை டாக்டரோ, லைசென்ஸ் வாங்கின மருத்துவத் துறைக்காரரோதான் எடுக்கணும், ஏஐ எடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், ஹெல்த், லைஃப் இன்சூரன்ஸில் பிரீமியம் நிர்ணயிக்கிற மாடல்களை அதிக ஆபத்துப் பட்டியலில் வச்சிருக்கு. நம்ம ஊருக்கு நான் கேட்கிறது இதைவிடச் சின்னது: நிராகரிப்புக் கடிதத்திலேயே ஸ்கோர் இருந்துச்சா, எந்தெந்த இன்புட்டால் ஏறுச்சுன்னு எழுதுங்க. அந்த விவரத்தை எடுக்க எங்களை மாதிரி ஆட்களுக்கு ரெண்டு நாள் வேலை. கஷ்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கம்பெனிக்குப் புகார் எழுதினோம். 30 நாள் ஆச்சு, பதில் இல்லை. இப்போ சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன்கிட்ட போட்டிருக்கோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவு போடலாம். கம்பெனி புகாரை நிராகரிச்சதிலிருந்தோ, பதில் தராம ஒரு மாசம் முடிஞ்சதிலிருந்தோ ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அது முக்கியம்.

விசாரணைக்கு சித்தியும் வர்றாங்க. "அன்னைக்குக் கூலி போயிடுமேடா"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. பின்கோடு கேள்வியை நான் பேப்பரில் எழுதி வச்சிருக்கேன். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.