கணினிப் பெட்டிக்குள்ளே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கணினி எது என்று பிள்ளைகளைக் கேட்டால் திரையைத்தான் காட்டுகிறார்கள். வேலை நடப்பது அங்கேயல்ல, பக்கத்தில் நிற்கும் இரும்புப் பெட்டியில். தூசி படியாமல் இருக்கட்டும் என்று அதற்குத் துணி போர்த்தி வைக்கிறோம். ஓடும்போதும் எடுப்பதில்லை. அந்தத் துணிதான் அதற்கு முதல் எதிரி.

தோட்டத்தில் அன்றிருந்த புகை வீடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் ஷீட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கப் போடுவீர்கள். சூடு கீழிருந்து ஏறி, இடைவெளியில் நுழைந்து, மேலே வெளியேறும். நெருக்கிப் போட்டால் காயுமா? பெட்டிக்கும் அதே கணக்குத்தான். முன்பக்கம் காற்று நுழைய வேண்டும். பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ள வேண்டும். நடுவில் வயர்கள் குறுக்கே கிடக்கக் கூடாது. அதனால்தான் இப்போதைய நல்ல பெட்டிகளில், வயர்களைத் தாய்ப்பலகைக்குப் பின்னால் கொண்டுபோக வழி விட்டிருக்கிறார்கள்.

1981இல் ஐ.பி.எம். விற்ற கணினியில் இந்தப் பெட்டி திரைக்கு அடியில் படுத்துக் கிடந்தது. 1995இல் இண்டெல் நிறுவனம் 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவை வெளியிட்டது. பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகளுக்கும் குறித்த இடம். ஒரு கம்பெனியின் பலகை இன்னொரு கம்பெனியின் பெட்டியில் உட்காருவது இதனால்தான். பலகை இரும்பில் நேராகப் படுவதில்லை. சின்னப் பித்தளைக் கால்கள் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. பட்டால் ஷார்ட் ஆகிவிடும். இதே இண்டெல் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. நம் அக்காமார் எத்தனையோ பேர் பினாங்குத் தொழிற்சாலைகளில் சிப்பு வேலை பார்த்தவர்கள். நாம் பெட்டியைத் தொடவே பயப்படுகிறோம்!

போன வருடம் ஒரு தகப்பனார், பிள்ளைக்காக ஈப்போவில் பழைய கணினி ஒன்று வாங்கினார். மத்தியானமானால் தானாக அணைந்துவிடும். பழுது பார்க்கும் கடையில், "பலகை போச்சு, மாத்தணும்" என்றார்களாம். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி! நானும் அவருமாகத் திறந்து பார்த்தோம். மூளைச் சிப்பின் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. சூடு தாங்காமல் சிப்பு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது. பெயிண்டு பிரஷால் தட்டி எடுத்தோம். இன்றைக்கும் ஓடுகிறது.

இன்னொன்று. பின்னால் உள்ள தகர மூடிகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் அந்தச் சந்து வழியாகப் பல்லியும் எறும்பும் குடிவந்துவிடும்.

திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே கை வைக்குமுன், பெட்டியின் பெயிண்டு இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கிவிடும். வயர்க் கற்றை புறப்படும் சின்னப் பெட்டியை மட்டும் பிரிக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கும்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணினி அறையில் ஒரு பெட்டியைத் திறந்து வைக்கிறேன். பிள்ளைகளோடு தாய்மார்களும் வாருங்கள். பிரஷ் இருந்தால் கொண்டு வாருங்கள்.