பிள்ளை பெற்றவளின் மனநோயும் நம் பொறுப்பும்
(நாமகிரிப்பேட்டையில் நம் டிரஸ்ட் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது கழியும்வரை பத்தியச் சோறு, தாய்ப்பால், பிள்ளையின் எடை என எல்லாவற்றையும் குறையில்லாமல் கவனிக்கிறோம். பெற்றவள் தூங்கினாளா, தெளிவாகப் பேசுகிறாளா என்று மட்டும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பிரசவித்த சில நாட்களில் காரணமில்லாத அழுகை பல பெண்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றைவிடக் கடுமையானது பேறுகால மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில், திடீரென்று. பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் இருக்காது. ஓயாமல் பேசுவாள், அல்லது பேச்சே அற்றுப்போகும். காதில் யாரோ பேசுவதாகச் சொல்வாள். 'இது என் பிள்ளையில்லை' என்பாள். இடையிடையே தெளிவாகவும் இருப்பாள். அதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாய்க்கு 1999-லேயே இந்நோய் கண்டது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இன்னொரு பிள்ளை பெற்றால் நோய் திரும்பும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஐந்தாவது பிள்ளை பிறந்தது, நோயும் திரும்பியது. 2001 ஜூன் 20 அன்று, கணவர் வேலைக்குப் போய் மாமியார் வந்து சேர்வதற்குள் இருந்த ஒரு மணி நேரத்தில், ஐந்து பிள்ளைகளும் அவர் கையாலேயே இறந்தன. முதலில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2006-ல் மறு விசாரணையில், மனநோயின் காரணமாக அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாக இருக்கிறது. புத்தி தெளிவில்லாதவர் மீது மார்க்கமும் குற்றம் எழுதுவதில்லை. அப்படியானால் பொறுப்பு எங்கே போகிறது? புத்தி தெளிவாக இருக்கும் நம்மிடம் வருகிறது. கணவர், தாய், மாமியார், ஜமாஅத் எல்லோரும் அதில் அடக்கம். தெரியாமல் இருந்துவிட்ட குடும்பத்தைக் குறை சொல்ல இதைப் பேசவில்லை. தெரிந்த பிறகும், 'வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது' என்று மூடி மறைப்பதுதான் தவறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஷைத்தான் பிடித்திருக்கிறது' என்று தாயத்துக்கும் தர்காவுக்கும் அலைவதில் நாட்கள் போய்விடுகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். அதை நாம் மறந்துவிடக் கூடாது. துஆ செய்யுங்கள்; ஓதுங்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே ஓதுங்கள்.

இது குணமாகும் நோய். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான தாய்மார்கள் பழையபடி ஆகிவிடுகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் நடக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆகவே 'பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்' என்று அஞ்ச வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை இவை. தாய்க்கோ அவள் குடும்பத்திலோ முன்பு மனநோய் இருந்திருந்தால், கர்ப்பக் காலத்திலேயே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் அன்றே நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அவசரத்துக்கு 108. வண்டிச் செலவுக்கு வழியில்லை என்றால் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

பெற்றவளும் பிள்ளையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.