ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அடையாளம்



நம் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் இன்று போனிலேயே விண்ணப்பிக்கிறார்கள். ஈமெயில் முகவரியைக் கொடுத்த கொஞ்ச நாளில், "வெளிநாட்டில் வேலை, முன்பணம் கட்டுங்கள்" என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வருகிறது. முகவரியைக் கொடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, ஒரு சொல்லைச் சேர்க்கலாம். 'மலர்' என்று முகவரி வைத்திருக்கும் பிள்ளை, வேலை முகவருக்கு 'மலர்+முகவர்' என்றும், கணினி வகுப்புக்கு 'மலர்+வகுப்பு' என்றும் ஆங்கில எழுத்தில் கொடுக்கட்டும். புதுக் கணக்குத் தேவையில்லை. எல்லாக் கடிதமும் பழைய பெட்டிக்கே வரும். மோசடிக் கடிதம் வந்தால், அது எந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். 'வகுப்பு' என்றிருந்தால், வெளியே போனது அந்த வகுப்புக்குக் கொடுத்த முகவரிதான். பிறகு அந்த முகவரிக்கு வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஜிமெயிலில் ஒழுங்கு செய்துவிடலாம்.

சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. விவரம் தெரிந்த மோசடிக்காரர் அந்தச் சொல்லை வெட்டிவிடவும் முடியும். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எந்த இடத்துக்கு எந்தச் சொல் கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். வெளிநாட்டு வேலைக்கென்று யார் பணம் கேட்டாலும், கட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரிப்போம்.

சந்தேகமான கடிதத்தை அழிக்காமல் தோட்டக் கமிட்டியிடம் கொண்டுவாருங்கள். ஆதாரத்தோடு சங்கமாகப் போய்க் கேட்போம்.