திண்ணை யாருக்காகக் கட்டப்பட்டது?

(புதுச்சேரியில் மாணவர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகர விதிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "அதில் சாதிக்கு என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்டடம் கட்டடம்தானே, பழசாக இருந்தால் காப்பாற்ற வேண்டியதுதானே என்று.

அந்த எண்ணம் மாறியது ஒரு மரபு நடையில். இதே ஊரில், வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். பதினைந்து பேர் போனோம். வழிகாட்டி ஒரு பழைய வீட்டின் முன் எங்களை நிறுத்தினார். தெருவோரம் மரத்தூண்கள்மேல் சாய்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அதுதான் தாழ்வாரம். அதற்கு உள்ளே படியேறினால் மேடை போட்ட திண்ணை. "பாருங்கள், தமிழர் விருந்தோம்பல் என்பது இதுதான். வழிப்போக்கர் யார் வந்தாலும் இங்கே உட்காரலாம், படுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை என் ஆயாவிடம் காட்டினேன். ஆயா இளம் வயதில் சித்தாள் வேலை பார்த்தவர். சுண்ணாம்பு சுமந்திருக்கிறார், மாடித் தளத்தில் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியிருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகளில் பல நாள் வேலை செய்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி திண்ணையிலதான் கூலிய வெச்சிட்டு உள்ள போயிடுவாங்க. நாங்க கீழ நின்னு எடுத்துக்குவோம்" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் சோறு வைக்க எழுந்து போய்விட்டார்.

"யார் வந்தாலும்" என்ற வழிகாட்டியின் சொல்லில் ஆயா இல்லை. என் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

இந்த விதிகள் என்ன செய்கின்றன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதியை மரபுப் பகுதி என்று கோடு போடுவார்கள். அதற்குள் சில கட்டடங்களைப் பட்டியலிட்டுத் தரம் பிரிப்பார்கள். பட்டியலில் உள்ளதை இடிக்க வேண்டும், முகப்பை மாற்ற வேண்டும், மாடி எழுப்ப வேண்டும் என்றால் வழக்கமான கட்டட அனுமதியோடு மரபுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் பம்பாயும் ஹைதராபாத்தும் 1995-இல் இப்படி விதி கொண்டுவந்தன. மற்ற ஊர்கள் பெரும்பாலும் அந்த அச்சைத்தான் எடுத்துக்கொண்டன.

இந்த விதிகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய உருவிலேயே திரும்பக் கட்ட வேண்டி வந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, ஓட்டுவீட்டை இடித்து நான்கு மாடி லாட்ஜ் கட்டுகிறவர்கள் யார் பக்கமும் நிற்பவர்கள் அல்ல. நம் பக்கம் நிச்சயமாக இல்லை.

என் கேள்வி வேறு. கோடு எங்கே போடப்படுகிறது? பட்டியலில் எது ஏறுகிறது? ஏறியதைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது?

முதலில் கோடு. புதுச்சேரி மரபு என்று யார் பேசினாலும் நான்கு புல்வாருக்கு உள்ளே இருக்கும் ஊரைத்தான் பேசுகிறார்கள். கிழக்கே வெள்ளையர் நகரம், வாய்க்கால், மேற்கே கறுப்பர் நகரம். சுற்றுலாக்காரர்களுக்கு 'ஒயிட் டவுன்' என்ற பெயரில் உறுத்தல் எதுவும் இல்லை. டீ ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். மேற்கே வந்தால் வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு. தெருவுக்குத் தெரு சாதியைப் பிரித்துக் குடிவைத்த ஊர் இது. வைசியாள் வீதியில் வரிசையாக வீடுகளின் முகப்பைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகூடக் கிடைத்தது. வேலை நன்றாகவே செய்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். தாழ்வாரங்கள் ஒரே சீராக வரிசை பிடித்து நிற்பது அழகுதான். ஆனால் அந்த வரிசை ஏன் வந்தது? ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே மாதிரி வசதி கொண்டவர்கள் அடுத்தடுத்து வாழ்ந்ததால் வந்தது. நாம் ரசிக்கும் ஒழுங்கு, யார் எங்கே வாழலாம் என்பதன் ஒழுங்கு. மரபுக் கையேடுகள் தூணின் வகையைச் சொல்கின்றன, ஓட்டின் வகையைச் சொல்கின்றன. இதை மட்டும் சொல்வதில்லை.

இந்த ஊரின் பழைய ஆவணங்கள் இதை மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். அவர் நம் ஆள் இல்லை. துய்ப்ளேக்ஸின் துபாஷ், பெரிய வியாபாரி, சாதி விஷயத்தில் அவருடைய பார்வை மேலிருந்து பார்க்கும் பார்வை. ஆனாலும் 1745 அக்டோபரில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயில் என்று மக்கள் சொன்ன மாதா கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியர்களும். காரைக்காலில் இருந்து வந்த ஒரு பாதிரியாரிடம் பறையர்கள் முறையிட்டார்கள். நாங்களும் கிறித்தவர்கள்தானே, நடுவில் சுவர் எதற்கு என்று. சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரின் கட்டட வரலாற்றில் இதைவிட முக்கியமான சுவர் எது? தெரு நடுவில் இல்லை, கோயிலுக்கு உள்ளே ஒரு சுவர். அதை இடிக்கச் சொல்லி, பெயர் தெரியாத சிலர் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் துணிந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோயிலே பிறகு 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது போய்விட்டது. இன்று மிஷன் வீதியில் நிற்பது அதற்குப் பின் கட்டியது. இல்லாத சுவரைப் பட்டியலில் ஏற்ற முடியாது என்பார்கள். சரி. வாசலில் ஒரு பலகை வைக்கலாமே? நடை போகிறவர்களுக்கு இரண்டு நிமிடம் சொல்லலாமே?

இது நம் ஊரின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பகுதி முழுவதையும் வரலாற்றுப் பகுதியாக அறிவித்து விதி போட்ட முதல் நகரம் சார்ல்ஸ்டன். தென் கரோலினா மாநிலத் துறைமுகம். அடிமை வணிகத்தில் கொழுத்த ஊர். 1931-இல் நகராட்சி விதி கொண்டுவந்தது. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஈரச் செங்கல்லில் அவர்கள் விரல் பட்ட தடம் இன்றும் சுவர்களில் தெரிகிறது. ஆனால் விதி எழுதப்பட்டது தோட்டக்கார முதலாளிகளின் நேர்த்தியைக் காப்பாற்ற. அங்கே கேபேஜ் ரோ என்று ஒரு கட்டடம். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வாடகைக்கு நெருக்கியடித்து வாழ்ந்த இடம்; ஜன்னலில் முட்டைக்கோஸ் வைத்து விற்பார்களாம், பெயர் அப்படி வந்தது. 1925-இல் வந்த 'போர்ஜி' நாவலுக்கும் பிறகு அதிலிருந்து எழுந்த புகழ்பெற்ற ஓபராவுக்கும் களம் அதுதான். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் மனுப் போட்டார்கள், குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. கதை மேடையேறியது, கதைக்கு உரியவர்கள் தெருவில் இல்லை. பின்னால் 1950களின் இறுதியில் ஆன்சன்பரோ என்ற பகுதியிலும் பழைய வீடுகளை வாங்கிச் சீரமைத்து விற்றபோது, அங்கே குடியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

கவனியுங்கள், முகப்புக்குப் பாதுகாப்பு இருந்தது, வாடகைக்கு இருந்தவருக்கு இல்லை. இங்கேயும் அப்படித்தான். வீடு பட்டியலில் ஏறுகிறது, விலை ஏறுகிறது, வீடு விடுதியாகிறது. பின்கட்டில் இருந்த தையல்காரரும் இஸ்திரிக்காரரும் எங்கே போனார்கள் என்று எந்த மரபுக் குழுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை.

அடுத்து, பட்டியலில் ஏறாதவை. 2016 ஜூன் 25 அதிகாலை, மும்பை தாதரில் அம்பேத்கர் பவனையும் அதை ஒட்டியிருந்த அச்சகத்தையும் இடித்துத் தள்ளினார்கள். பாபாசாகேபின் பத்திரிகைகள் அச்சான அச்சகம். மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இத்தனைக்கும் மரபு விதியில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் நகரம் அது. கோபுரமும் வளைவும் கொண்ட ரயில் நிலையங்களையும் நீதிமன்றங்களையும் காக்கத் தெரிந்த ஊரில், அந்த அச்சகத்துக்கு இருந்த பெயர் 'சிதிலமான கட்டடம்'.

ஏன் இப்படி? 'கட்டடக்கலை மதிப்பு' என்ற அளவுகோல்தான் காரணம். கல், சுண்ணாம்பு, தேக்கு, அலங்காரம் இருந்தால் மதிப்பு. நம்மிடம் அவை ஏன் இல்லை என்பதற்கும் ஒரு கட்டட விதிதான் காரணம். திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டத் தடை இருந்தது. குடை பிடிக்கத் தடை, செருப்புப் போடத் தடை, அதோடு இதுவும். உயரக் கட்டுப்பாடு நமக்கு ஒன்றும் புதிதில்லை. முதலில் ஓலையும் மண்ணும்தான் உனக்கு என்று விதி. ஓலையும் மண்ணும் நூறு வருடம் நிற்காது. பிறகு நூறு வருடம் நின்றதுதான் மரபு என்று இன்னொரு விதி. இரண்டையும் எழுதியவர்களுக்கு இடையே நூறு ஆண்டுகள் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்துகின்றன.

"எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதே, அழகை அழகாகப் பார்" என்று ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, என் கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தவர். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்வேன்: ஐயா, நான் இழுக்கவில்லை, தெருவுக்குப் பெயராகவே வைத்திருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. மரபுக் குழுவில் கட்டடக் கலைஞர்களோடும் உரிமையாளர்களோடும் கொத்தனாரும் சித்தாளும் உட்கார வேண்டும். இன்று சுண்ணாம்புச் சாந்து வேண்டும், பழைய முறைத் தளம் வேண்டும் என்று விதி கேட்கிறது. அந்தக் கைவேலை யாருடையது? பட்டியலில் வீட்டு உரிமையாளரின் பெயர் வருகிறது, கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வாடகைக்கு இருப்பவர் வெளியேறாமல் இருந்தால்தான் சீரமைப்புக்கு அரசுப் பணம் என்று விதியில் எழுத முடியும். இது முடியாத காரியம் இல்லை. புல்வாருக்கு வெளியே இருக்கும் இரவுப் பள்ளி, சங்கக் கட்டடம், படிப்பகம், இவற்றுக்குத் தூண் அழகாக இல்லாவிட்டாலும் பட்டியலில் இடம் வேண்டும். அப்புறம் அந்தத் திண்ணைகள். அவை அப்படியே இருக்கட்டும், ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பலகை: இங்கே யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று இருந்தது என்பதை எழுதிய பலகை.

ஆயா இப்போது இல்லை. அவர் தட்டிய தளங்களில் ஒன்று இரண்டாவது எங்கேயோ மழை ஒழுகாமல் இருக்கும், எந்த வீடு என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கொத்து வேலை, சித்தாள் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், எந்தத் தெரு, எந்த வீடு, என்ன வேலை, எங்கே நின்று கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நாமே ஒரு நடை போகிறோம். வாய்க்கால் கரையில் தொடங்குகிறோம். மேற்கே தெருத்தெருவாக நடந்து, அண்ணா சாலையைத் தாண்டி, ஆயா இருந்த காலனியில் முடிக்கிறோம். அங்கே டீ சொல்லி வைத்திருக்கிறேன்.