உடலுக்குள் ஒரு முப்புரி

ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வீதியில் நின்றவர்களுக்கு ஆண்டாள் தேரின் வடம் மறக்காது. ஆயிரக்கணக்கான கைகள் பற்றி இழுக்க, அப்பெருந்தேர் மெல்ல அசைந்து நிலையை விட்டுப் புறப்படும். அத்தனை இழுப்பையும் தாங்கும் வடத்தைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பவை விரலால் பிய்த்துவிடக்கூடிய இழைகளே. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பது எங்கள் ராஜபாளையம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-ஆம் ஆண்டில் இங்கு ராஜபாளையம் மில்லை நிறுவினார். பஞ்சும் நூலும் இவ்வூர் மக்களின் பிழைப்பாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. பஞ்சின் ஓர் இழை மூன்று சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதைக் கொண்டு கிலோமீட்டர்க் கணக்கில் அறாத நூல் நூற்கிறார்கள். இந்த வலிமை பஞ்சுக்குப் பிறவியில் வந்ததன்று, முறுக்கினால் வந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், இதே ஊரில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. 1992-ஆம் ஆண்டு என்று நினைவு. எட்டாம் வகுப்பில் உணவுச் சத்துக்களைப் பற்றிய பாடம். பால், பருப்பு, முட்டை ஆகியவற்றில் புரதம் உண்டு. நம் தோலும் தசைநாணும் புரதத்தால் ஆனவை. ஆதலின் புரதம் உடலை வளர்க்கும் உணவு என்று வழக்கம்போல் கூறி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து, "ஐயா, பால்கோவாவிலும் புரதம், தோலிலும் புரதம் என்கிறீர்கள். ஒன்று வாயில் வைத்தால் கரைகிறது. மற்றொன்றைச் செருப்பாகத் தைத்து இரண்டு வருஷம் நடக்கிறோம். இரண்டும் ஒன்றானால் எப்படி ஐயா?" என்றான். வகுப்பு சிரித்தது. "அது வேறு புரதம், இது வேறு புரதம், உட்கார்" என்றேன். தெரியாததைத் தெரியாதென்று மாணவனிடம் சொல்லத் தயங்கலாகாது என்பது பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே கற்பிக்கப்பட்ட பாடம். அன்று அதை மறந்தேன்.

அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் இன்று நேயர்களுக்குக் கூற எண்ணுகிறேன். அவ்விடையின் பெரும்பகுதி நம் சென்னையில் கண்டறியப்பட்டது என்பது இதில் ஒரு சிறப்பு.

புரதம் என்பது ஒரு சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள், இருபது வகையானவை. எந்தக் கண்ணிக்குப் பின் எந்தக் கண்ணி வரவேண்டும் என்பது உயிரணுவுக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிசையை ஒட்டியே சங்கிலி சுருளவோ மடியவோ நெகிழ்ந்து கிடக்கவோ செய்கிறது. புரதத்தின் தொழில் அதன் வடிவத்தைப் பொறுத்தது.

பாலிலுள்ள புரதத்தில் பெரும்பகுதி கேசீன். இது திட்டமான மடிப்பு ஏதுமின்றித் தளர்ந்து கிடக்கும் சங்கிலி. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. முட்டையின் வெண்கருவைக் கொதிக்க வைத்தால், ஒழுங்காக மடிந்திருந்த புரதம் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும். கேசீனுக்குக் குலைவதற்கு அத்தகைய மடிப்பே இல்லை. ஆகையால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலை அகன்ற வாணலியில் ஊற்றி நெடுநேரம் காய்ச்சிக் கிண்டினாலும், அது முட்டையைப்போல் இறுகிப் போகாமல் வாயில் கரையும் பதத்திற்குச் சுண்டி வருகிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவின் பெருமையில் இந்த ஒழுங்கற்ற புரதத்திற்கும் பங்குண்டு.

தோலின் கதை வேறு. தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். நம் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கு மேல் இதுவே. எளிதில் கிடைக்கும் இப்பொருளின் உள்ளமைப்பு என்ன என்பதை 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகில் ஒருவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. புரத ஆராய்ச்சியில் பேரறிஞரான லைனஸ் பாலிங் 1951-இல் வெளியிட்ட அமைப்பும் பொருந்தவில்லை.

சர் சி. வி. இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன், 1952-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்குச் சொல்லப்பட்ட அமைப்புகளில் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் கூறினார். அச்சொல் இளைஞரைப் பற்றிக்கொண்டது. அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் கிடைத்தது. அதன் ஊடே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அப்படத்தில் தெரிபவை புள்ளிகளும் கறைகளுமே. சுவரில் விழும் நிழலைக் கொண்டு பொருளின் உருவை ஊகிப்பதைப்போல, அவற்றிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தை ஊகிக்க வேண்டும். இராமச்சந்திரனும் உடனுழைத்த கோபிநாத் கர்த்தாவும் ஊகித்து, 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது. மறு ஆண்டில் அதைத் திருத்தி, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டவை என்றார்கள். நம் முன்னோர் முப்புரி என்றார்களே, அதுவேதான்.

முறுக்கின் திசையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியே இடப்புறமாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேரும்போது வலப்புறமாக முறுக்கேறுகின்றன. இழுத்தால், ஒன்று அவிழ முயல்வதை மற்றொன்று இறுக்கித் தடுக்கிறது. ஒரு மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். விரல் பருமனுள்ள கயிறு மூன்று மீட்டர் நீளம் இருந்தால் எப்படியோ அப்படி. உயிரணுவுக்குள்ளேயே முறுக்கப்பட்டு வெளியே வரும் இம்மூலக்கூறுகள், ஒன்றுக்கு ஒன்று ஏறக்குறையக் கால் பங்கு தள்ளி அடுக்கிக்கொள்கின்றன. அடுத்தடுத்து இருப்பவற்றிடையே பிணைப்பும் ஏற்படுகிறது. குட்டைப் பஞ்சிழைகள் முன்னும் பின்னுமாகப் படிந்து நெடிய நூலாவது போல, இவையும் நாராகி, நார்கள் திரண்டு தசைநாணாகின்றன.

மூன்று புரிகள் நெருங்கும் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. எனவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே உட்கார முடியும். ஓராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒரே ஒரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் பெரியதொன்று வந்துவிட்டால் முறுக்கு அங்கே பிசகுகிறது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய்க்கு இத்தகைய ஓரெழுத்துப் பிழை காரணமாவதுண்டு.

இராமச்சந்திரனின் அமைப்பை எல்லோரும் உடனே ஏற்றுவிடவில்லை. அணுக்களை அளவுக்கு மீறி நெருக்கி வைத்துவிட்டார் என்று கண்டித்தார்கள். மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று அவர் கூற, ஒன்றே என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரிச், கிரிக் ஆகியோர் 1955-இல் கூறினர். அந்த ஒரு விவரத்தில் பிற்கால ஆராய்ச்சி அவர்கள் பக்கமே சாய்ந்தது. முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் கண்டனத்திற்கு இராமச்சந்திரன் விடையளித்த விதம் எனக்கு மிகவும் உவப்பானது. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்பதைத் தெரிந்த படிகங்களிலிருந்தெல்லாம் திரட்டினார். பின்னர் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே இயலாது என்று கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடமாக்கினார். இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதை வழங்குகிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிப்பொறியால் முன்கூட்டி அறியும் பணிக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாறு கிடைக்கும் வடிவங்களையும் சரிபார்க்க இன்றும் அந்த வரைபடத்தையே எடுக்கிறார்கள். இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு அளிக்கப்படவில்லை. அவர் 2001-இல் சென்னையில் காலமானார்.

இவற்றையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது மாணவனை நினைத்தன்று. என் அன்னையாரின் புண்ணால். 2003-ஆம் ஆண்டில் அவர்கள் வழுக்கி விழுந்து காலில் பெரிய காயம் பட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பத்தியம் விதித்தார்கள்: புளிப்புச் சேர்த்தால் புண் சீழ் பிடிக்கும்; எலுமிச்சை, நெல்லி, பழம் எதுவும் கூடாது. கஞ்சியும் பாலும் கொடுத்தோம். புண் ஆறப் புரதம் வேண்டுமே என்று, வகுப்பில் நான் சொன்ன பாடத்தின்படியே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும் வாங்கி வந்து கொடுத்தேன். சத்திரப்பட்டியில் நெய்த நல்ல கட்டுத் துணியால் நாள் தவறாமல் கட்டினோம். மூன்று மாதம் ஆகியும் புண் மூடவில்லை. ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கிற்று. அப்போதுதான் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பழம் கொடுக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்.

காரணம் இதுதான். கொலாஜன் சங்கிலியில் புரோலின் என்ற கண்ணி நிறைய உண்டு. முறுக்கேறுவதற்கு முன், உயிரணுவிலுள்ள ஒரு நொதி அவற்றில் பலவற்றிற்கு ஒரு பிராணவாயு அணுவைச் சேர்த்துவிடுகிறது. அந்நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி தேவை. சேர்க்கப்படாத சங்கிலிகளால் ஆன முப்புரி 24 டிகிரி வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. அதாவது நூல் உண்டு, முறுக்கு நிற்பதில்லை. பாலில் இந்த வைட்டமின் சொற்பம். காய்ச்சினால் அதுவும் அழியும். பால் தரும் பசு தனக்கு வேண்டியதைத் தன் உடலிலேயே செய்துகொள்கிறது. மனிதருக்கு அந்தத் திறன் இல்லை. கப்பலோட்டிகளை வாட்டிய ஈறு நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாவதை ஜேம்ஸ் லிண்ட் 1747-இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். படித்தவனான நான் 2003-இல் என் தாய்க்கு அதைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

இக்காலத்தில் கொலாஜன் பொடி என்று விலை மிகுத்து விற்கிறார்கள். உண்ட கொலாஜன் முப்புரியாகவே தோலில் சென்று ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் சிதைகிறது. அந்தப் பணத்தில் எத்தனை நெல்லிக்காய் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வைத்தியர் தந்த மாத்திரையோடு நாள்தோறும் எலுமிச்சைச் சாறும் கொய்யாவும் கொடுத்தோம். ஒரு வாரத்தில் ஈறுக் கசிவு நின்றது. இரண்டாம் மாதம் புண் மூடியது. அதன்பின் ஏழு ஆண்டுகள் அவர்கள் இருந்தார்கள்.

அந்த மாணவனைச் சில ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பூரத் தேரன்று, கூட்டத்தில் கண்டேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டு வணங்கினான். ராஜபாளையத்தில் ஓர் ஆலையில், இழைகளைச் சேர்த்து முறுக்கும் டபுளிங் பிரிவில் வேலை என்றான். தேர் நிலைக்கு வரும் வரையில் ஓரமாக நின்று, முன்பு சொல்லாமற்போன விடையை அவனுக்கு முழுவதும் சொன்னேன். புரிகள் இடப்புறம், சேர்க்கை வலப்புறம் என்ற இடத்திற்கு வந்ததும் அவன் சிரித்துவிட்டான். "நாங்களும் அப்படித்தான் ஐயா செய்கிறோம். தனி நூலுக்கு ஒரு பக்கம், சேர்க்கும்போது எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே பக்கமாக முறுக்கினால், கையை விட்டதும் நூல் கொக்கி கொக்கியாகச் சுருண்டுகொள்ளும்" என்றான்.