மீண்டும் பணிக்கு

தொழிலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அதில் எவ்வாறு முன்னேறுவது என்று உங்களுக்குச் சொல்வோர் பலர். இடையில் சில ஆண்டுகள் தொழிலை விட்டிருந்தவர் மீண்டும் அதற்குத் திரும்புவது எங்ஙனம் என்று சொல்வோர் சிலரே. மகப்பேறு, பெற்றோரின் நோய், தம் உடல்நலக் குறைவு ஆகிய காரணங்களால் பணியை விட்டு நிற்க நேர்வது எக்குடும்பத்திலும் நிகழக்கூடியது. நம் நாட்டில் இவ்வாறு நிற்போருள் பெரும்பாலோர் பெண்கள். ஆதலின் இன்று இப்பொருள் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நானும் அவ்வாறு நின்றவள்தான். கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பித்து வந்த நான், மாமியார் பக்கவாதத்தால் படுக்கையுற்றமையாலும், குழந்தை சிறியதாய் இருந்தமையாலும் ஆறாண்டுகள் வீட்டிலிருந்தேன். திரும்பி வந்தபோது பாடத்திட்டம் மாறியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் புதிய கருவிகள் வந்திருந்தன. என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஆசிரியை ஒருவரிடம் மாலைதோறும் அவற்றைக் கற்றுக்கொண்டேன். இயற்பியலின் அடிப்படை விதிகள் என்னை விட்டு அகலவில்லை. தளர்ந்திருந்தவை கைவிரைவும் மனத்துணிவுமே. ஒரு பருவம் முடிவதற்குள் அவ்விரண்டும் திரும்பின. இழந்தது அறிவன்று, பழக்கமே என்பதை அப்போது உணர்ந்தேன்.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று கேத்லீன் லான்ஸ்டேல் என்னும் அம்மையாரின் வாழ்க்கை. 1903இல் அயர்லாந்தில் பிறந்த இவர், எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தவர். பென்சீன் வளையம் தட்டையான அறுகோண வடிவினது என்பதை 1929இல் சோதனை வாயிலாக நிறுவியவர் இவரே. அதே ஆண்டில் அவருக்கு முதற்குழந்தை பிறந்தது. பின்னர் மேலும் இரு குழந்தைகள் பிறந்தனர். ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல இயலாத நாட்களில், படிக அமைப்பைக் கணக்கிடுவதற்குரிய சூத்திரங்களை வீட்டிலிருந்தே வகுத்து வந்தார். அதற்கு வேண்டியவை தாளும் எழுதுகோலுமே. அச்சூத்திரங்கள் 1936இல் நூலாக வெளிவந்தன.

ஆனால் அவருடைய ஊக்கம் மட்டுமே அவரை மீட்டுவிடவில்லை. நோபல் பரிசு பெற்றவரான வில்லியம் பிராக், வீட்டு வேலைக்கு உதவியாள் அமர்த்திக்கொள்ளப் பணவுதவிக்கு ஏற்பாடு செய்து, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்கு அவரை அழைத்துக்கொண்டார். கணவரும் துணை நின்றார். 1945இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் இரு பெண்களுள் லான்ஸ்டேல் ஒருவர். அந்த உதவி கிட்டாதிருப்பின், உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கும். இழந்ததை அறிந்தும் இராது.

எல்லோருக்கும் ஒரு பிராக் வாய்ப்பதில்லை. ஆகவே தனிமனிதரின் நல்லெண்ணம் சட்டமாகவும் திட்டமாகவும் வளர வேண்டும். இங்கிலாந்தில் இயற்பியற் பேராசிரியை டாப்னி ஜாக்சன், பணியை விட்டிருந்த அறிவியலார் பகுதிநேரமாக ஆய்வு செய்து பயிற்சி பெற்றுத் திரும்புவதற்கான உதவித்தொகைத் திட்டத்தை 1985இல் தொடங்கினார். நம் நாட்டிலும் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, இவ்வாறு இடைவெளி நேர்ந்த பெண் அறிவியலாருக்கென 2002ஆம் ஆண்டளவில் ஒரு திட்டம் வகுத்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பதோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருத்தல் வேண்டும் என்றும் அத்திருத்தம் விதித்தது.

எனினும், சட்டம் பணியிடத்தின் வாயில் வரையில்தான் துணை வரும். அப்பால் வேண்டியது உடனிருப்போரின் மனப்பாங்கு. நாளை உங்களுள் சிலர் நேர்முகத் தேர்வில் வினவும் இடத்தில் அமர்வீர்கள். எதிரே இருப்பவரின் விண்ணப்பத்தில் சில ஆண்டுகள் வெறுமையாய்க் காணப்படலாம். அவை வீணான ஆண்டுகள் என்று முடிவு செய்துவிடாதீர்கள்; இப்போது என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வினவுங்கள். உங்களுக்கே அத்தகைய இடைவெளி நேருமாயின், நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் உங்கள் துறையின் நூலொன்றைப் புரட்டுங்கள். மாணவர்களே, இல்லப் பொறுப்பில் சரிபாதியை ஏற்க இன்றே பழகுங்கள். உங்கள் சகோதரி பணிக்குத் திரும்பும் வழி அங்கேதான் தொடங்குகிறது.