அருவியை மட்டுமல்ல, ஆற்றையும் காட்டுங்கள்!

(வீரகேரளம்புதூரில் நடைபெற்ற மாணவர் ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

புன்னைக்காயல் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து 40 பள்ளிப் பிள்ளைகள் நம் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். முதல் நாள் மாலை வந்து நம்மோடு தங்கி, மறுநாள் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கல்லூரி மாணவர்களாகிய நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். யாரும் சொல்லாமல் நீங்களாக முன்வந்தீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு.

நீங்கள் எழுதிய திட்டத்தை என் கையில் கொடுத்தீர்கள். படித்தேன். காலை 6 மணிக்குப் பேரருவி. பிறகு ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, பண்பொழி திருமலைக்கோவில், குண்டாறு அணை, செங்கோட்டை, சுந்தரபாண்டியபுரம், தென்காசிக் கோபுரம், பொட்டல்புதூர் தர்கா, கடைசியில் நம் ஊர். இரவு 9 மணிக்கு வழியனுப்பு. ஆக மொத்தம் 11 இடங்கள்!

தம்பிமார்களே, இந்தப் பட்டியலில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகளுக்குத்தான் இடமில்லை! இறங்கு, பார், ஏறு என்று நாள் முழுதும் விரட்டினால் அந்தப் பிள்ளை என்ன பார்க்கும்? வேனின் சன்னலைத்தான் பார்க்கும். ஊருக்குப் போனதும் 'என்ன பார்த்தாய்?' என்று தாய் கேட்டால், 'தண்ணீர் விழுந்தது' என்று சொல்லும். இதற்காகவா இத்தனை செலவு?

ஆகவே நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 11 இடங்களைக் காட்டாதீர்கள். ஓர் ஆற்றைக் காட்டுங்கள்!

எண்ணிப் பாருங்கள். திரிகூட மலையில் பிறந்து குற்றாலத்தில் அருவியாக விழுகிற அதே தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைத் தொட்டு, நம் வீரகேரளம்புதூரின் கரையை நனைத்துப் போகிறது. ஐந்தருவியாறும், அரிகர நதியும், அழுதகண்ணியாறும், அனுமன் நதியும் இதன் கிளைகள். சீவலப்பேரியில் இது தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணி எங்கே கடலில் கலக்கிறது? புன்னைக்காயலில்! நம் விருந்தாளிப் பிள்ளைகளின் கடலில்! 'நீ குளித்த தண்ணீர் உனக்கு முன்பே உன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் கண் எப்படி விரிகிறது என்று பாருங்கள்!

காலையில் பேரருவி. அங்கே மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே இருக்கும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அதனால்தான் மனிதன் அதன் கீழே நிற்க முடிகிறது. அந்தப் பள்ளத்திற்கு நம் முன்னோர் வைத்த பெயர் பொங்குமாங்கடல். கடற்கரைப் பிள்ளைகளிடம் மலைமேல் ஒரு கடல் இருக்கிறது என்று சொன்னால் மறப்பார்களா?

அடுத்து தென்காசி. யானைப்பாலத்தருகே வேனை நிறுத்தி ஆற்றைக் காட்டுங்கள். கோபுரத்தையும் காட்டுங்கள். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. சிதைந்து மொட்டையாக நின்ற கோபுரம் மீண்டும் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்கு நடந்தது. பிற்காலத்தில் இக்கோயிலைப் பேணுகிறவர்களின் பாதங்களைத் தான் வணங்குவதாக அந்த மன்னன் கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிறான். 'நாம் அதைக் காட்டலாமா?' என்று ஒரு தம்பி கேட்டார். தாராளமாகக் காட்டலாம். வழிபடுவது அவரவர் மார்க்கம். வரலாறு எல்லோருக்கும் பொது. பொட்டல்புதூரை விடச் சொல்கிறேனே என்று யாரும் வருந்தவும் வேண்டாம். அது இந்த ஆற்றின் வழியில் இல்லை. இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

பகல் உணவுக்கு நம் ஊர். ஊத்துமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த ஊர் இது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தவர் அந்த ஜமீனின் இருதயாலய மருதப்பத் தேவர். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விருந்தாளிக்குச் சொல்வதற்காகவாவது நாம் படிப்போம்! அணைக்கட்டு, கால்வாய், குளம், வயல் என்று ஆற்றுத் தண்ணீர் எப்படிச் சோறாகிறது என்பதை நடந்தே காட்டுங்கள். பகல் 2 மணிக்குப் புறப்பட்டால், சீவலப்பேரியில் ஒரு கால் மணி நேரம் நின்று, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரலாம்.

ஏன் இருட்டுவதற்குள் என்கிறேன்? 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, ஊட்டிக்குப் புறப்பட்ட கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் மாண்டார்கள்; அவர்களில் 5 பேர் மாணவர்கள். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியைகளும் போனார்கள். 2024 ஜனவரி 18இல் வதோதராவின் ஹரணி ஏரியில் 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும்! ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியதுதான் இரண்டு படகுகளிலும் நடந்த தவறு. எல்லாம் மகிழ்ச்சியாகத் தொடங்கிய பயணங்கள்தாம்.

வெளியூரை ஏன் சொல்ல வேண்டும்? நம் பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று நடந்ததை மறந்துவிட்டோமா? மலைமேல் பெய்த மழை கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சீசன்கூட இல்லை; கோடை! அருவிக்கு நம் தேதி தெரியாது, நண்பர்களே!

கடற்கரைப் பிள்ளைகள் 'எங்களுக்கு நீச்சல் தெரியும்' என்பார்கள். தெரியட்டும். காட்டு வெள்ளத்துக்கு நீச்சல் பதில் அல்ல. புறப்படுமுன் குளிக்க அனுமதி உண்டா என்று காவல்துறையிடம் கேளுங்கள். தடை என்றால் தடைதான். தூரத்தில் நின்று பார்க்கச் செய்யுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், கல்லும் கிளையும் வந்தால், அந்த நொடியே எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

என் இளமையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்களும் உங்களைப் போலப் பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிச் சென்றோம். அடுத்த இடத்திற்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம். வண்டி தென்காசியைத் தாண்டிய பிறகுதான் ஒரு சிறுவன் குறைவது தெரிந்தது. திரும்பி ஓடினோம். மங்குஸ்தான் விற்கும் ஒரு தாய் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'பிள்ளையை எண்ணிப் பார்க்க மாட்டீங்களாய்யா?' என்று கேட்டார். தலைகுனிந்து நின்றேன். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே 10 பிள்ளைகளுக்கு 2 பேர் பொறுப்பு. ஏறும்போது எண்ணுங்கள், இறங்கும்போது எண்ணுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணும், பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதும் உங்கள் கையில் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. வருகிறவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். '6 பேர்' என்றீர்கள். ஏன் 6? பெற்றோர் அனுப்பவில்லை என்று அவர்கள்மேல் பழி போடாதீர்கள். கூட வர ஆசிரியைகள் உண்டா, உடை மாற்ற இடம் உண்டா, வழியில் கழிப்பறை உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதி அனுப்புங்கள். 6 என்பது 16 ஆகும். பணம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளை இருந்தால், அதன் பங்கை இந்தச் சபையில் உள்ள பெரியவர்கள் ஏற்றுக்கொள்வோம். யார் பங்கை யார் கட்டினார் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

செல்வங்களே! பெற்றவர்கள் நம்மை நம்பி ஒப்படைக்கும் அமானிதம் இந்தப் பிள்ளைகள். பயணம் முடிந்ததும் நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள். எத்தனை இடம் காட்டினோம் என்று தொடங்காதீர்கள். '40 பேர் வந்தார்கள். 40 பேரும் நலமாக வீடு சேர்ந்தார்கள்' என்பது முதல் வரியாக இருக்கட்டும். 'ஓர் ஆற்றை அறிந்துகொண்டார்கள்' என்பது இரண்டாம் வரியாக இருக்கட்டும்.